7 வருஷமா ரீப்பர்ல மிடி ட்ராக் – என் அனுபவம்

வீட்ல உக்காந்து அம்மன் பாட்டு, சர்ச் பாட்டுன்னு வர்ற ட்ராக் வேலை எல்லாத்தையும் 7 வருஷமா ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்லதான் பண்றேன். ஆரம்பத்துல கீபோர்டுலேருந்து நேரா ஆடியோவா எடுத்துருவேன். இப்போ எது வாசிச்சாலும் முதல்ல மிடிதான், ஏன்னா அதுல சத்தம் கிடையாது, எந்த கீயை எப்போ எவ்ளோ வேகமா அழுத்துனேன் எப்போ விட்டேங்கிற மாதிரி விவரம் மட்டும்தான் இருக்கு, அதனால எப்ப வேணா திரும்பப் போய் கை வைக்கலாம்.

ஒரு தடவை 6 கட்டை சுருதில ட்ராக் ரெடியா இருக்கு, பாட வந்த அக்காவுக்கு அன்னைக்குன்னு பார்த்து தொண்டை கட்டிக்கிச்சு, 5 கட்டைக்கு இறக்க முடியுமா தம்பின்னு கேட்டாங்க. எல்லாத்தையும் செலக்ட் பண்ணி 2 செமிடோன் (கீபோர்டுல கருப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து 2 கீ) இறக்கிட்டு ப்ளே பண்ணா தாளமே மாறிக் கேக்குது, ஸ்நேர் (குச்சியால அடிக்கிற ட்ரம்) விழ வேண்டிய இடத்துல கிக் (காலால அடிக்கிற பெரிய ட்ரம்) விழுது, கிக் இருந்த இடத்துல சத்தமே காணோம். ட்ரம்ஸ் ட்ராக்கும் சேர்ந்து இறங்கியிருக்கு! ஜெனரல் மிடிங்கிற பொது நம்பர் வரிசைல கிக் 36ம் நம்பர் நோட், ஸ்நேர் 38. ரெண்டு இறங்குனதும் ஸ்நேர் போய் கிக் மேல உக்காந்துருச்சு, கிக் 34க்குப் போயிருச்சு, என் கிட்ல அந்த இடம் காலி. அன்னைலேருந்து தாள வாத்தியம் எல்லாம் தனி ஃபோல்டர், லாக் போட்டுத்தான் வைக்கிறேன்.

குவாண்டைஸ் (வாசிச்ச நோட்டைத் தாளத்துக்கு நேரா இழுத்து வைக்கிறது) 100 சதவீதம் வைக்காதீங்க. நான் 60, 65லதான் நிறுத்துவேன், அதுக்கு மேல போனா கை வாசிச்ச உணர்வே போயிடுது.

நமக்கு முக்கியமா கமகம், அதாவது ஸ்வரத்தை அசைச்சு வாசிக்கிறது. தோடி ராகத்துல காந்தாரம் அசையாம நேரா நின்னா அது தோடியே இல்ல, கீபோர்டுல சுருதியை வளைக்கிற பிட்ச் பெண்ட் வீலை உருட்டித்தான் அந்த அசைவு வரணும். பெண்டுக்கு 0லேருந்து 16383 வரைக்கும் படி இருக்கு, நடு 8192, அதனால வழுக்கல் நல்லாவே வரும். ஆனா வீல் எவ்ளோ தூரம் போச்சுங்கிறதுதான் ட்ராக்ல பதிவாகுது, அது எத்தனை செமிடோன்ங்கிறது வாசிக்கிற ப்ளகின்ல (வாத்திய சத்தம் குடுக்குற சாஃப்ட்வேர்) இருக்குற ரேஞ்சைப் பொறுத்தது. என்கிட்ட ரேஞ்ச் 2. மதுரைல இருக்குற நண்பருக்கு ஃபைல் அனுப்புனேன், அவர்கிட்ட 12 வச்சிருந்திருக்காரு, நான் அரை செமிடோன் அசைச்சது அங்க 3 செமிடோனா துள்ளியிருக்கு. "அண்ணே, காந்தாரம் மத்யமத்தைத் தாண்டிப் போகுதே"ன்னு போன் வந்துச்சு. மெனக்கெட்டு ஒரு ராத்திரி முழுக்க உருட்டுன கமகம், மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு. இப்போ ட்ராக் பேர்லயே 'நாதஸ்வரம் பெண்ட் 2'ன்னு எழுதிடுறேன், கூடவே எப்படிக் கேக்கணும்னு ஒரு ரஃப் ஆடியோவும் சேர்த்து அனுப்புறேன்.

அடுத்தவங்க அனுப்புற மிடி ஃபைலைப் போடும்போது டெம்போவும் எடுத்துக்கவான்னு ரீப்பர் கேக்கும், பாதி முடிஞ்ச ப்ராஜெக்ட்ல அதுக்கு ஓகே குடுத்தா உங்க டெம்போ மாறிடும், பார்த்துக்குங்க. சில ஃபைல்ல எல்லா வாத்தியமும் ஒரே ட்ராக்ல கிடக்கும், அதை சேனல் வாரியா பிரிச்சுக்கலாம், பயப்பட வேண்டாம்.

போன மாசம் 2019ல பண்ண ஒரு முருகன் பாட்டை மறுபடி கேட்டாங்க. திறந்தா அதுல போட்டிருந்த புல்லாங்குழல் ப்ளகினே இப்போ என் கம்ப்யூட்டர்ல இல்ல, ஆனா நோட்டு, பெண்ட் எல்லாம் அப்படியே இருக்கு. வேற குழல் போட்டு, ரேஞ்சை 2ல வச்சு ப்ளே பண்ணேன், அன்னைக்கு வாசிச்ச மாதிரியே வந்துச்சு, சாயங்காலமே அனுப்பிட்டேன்.