கேம்பிங்குக்கு ஒண்ணு, தினசரிக்கு ஒண்ணு: மோரா கம்பேனியனும் எல்ட்ரிஸும்

கத்தி வாங்கணும்னு யார் கேட்டாலும் முதல் கேள்வி "ஃபுல் டாங்கா ப்ரோ?" அப்படின்னுதான் வருது (பிளேடோட இரும்பு பிடி முடியுற வரைக்கும் உள்ள போகுதான்னு அர்த்தம்), அடுத்த கேள்வி "எவ்ளோ பெருசு?". ரெண்டுமே நம்ம ஊருக்கு தேவையில்லாத கேள்வின்னு நான் சொல்லுவேன், ஏன்னு கீழ சொல்றேன். என்கிட்ட இருக்கிற ஜோடி மோராக்னிவ் கம்பேனியன் ஸ்டெயின்லெஸ்ஸும் அதே கம்பெனியோட எல்ட்ரிஸும். ரெண்டும் மடங்காத கத்தி. மடக்குக் கத்தி ஏன் இல்லைன்னா, கேம்ப்ல கோழி வெட்டுறோம், மீன் கழுவுறோம், மண்ணுல வைக்கிறோம், அந்த மூட்டுக்குள்ள கொழுப்பும் மண்ணும் போய் உக்காந்துச்சுன்னா இருட்டுல டார்ச் புடிச்சுகிட்டு குச்சி வச்சு நோண்டிட்டு இருக்கணும். இதுல தண்ணி ஊத்தி துடைச்சு உறையில போட்டா முடிஞ்சது.

முதல்ல பெரிய கத்தி விஷயம். அமெரிக்கக்காரங்க வீடியோல்லாம் பாத்தா ஒரு தடியான கத்தியை கட்டை மேல வச்சு இன்னொரு கட்டையால முதுகுல அடிச்சு பிளந்துகிட்டே இருப்பாங்க. அதுக்குன்னே காபார் பெக்கர் பிகே2 மாதிரி கத்திங்க இருக்கு, கால் இஞ்ச் தடிமன், அரை கிலோ பக்கம் வரும். அங்க ஆளுங்க அதை வாங்குறதுல ஒரு நியாயம் இருக்கலாம், ஆனா நம்ம ஊர்ல எந்த எஸ்டேட்டுக்கு போனாலும், எந்த தோப்புக்கு போனாலும், வாட்ச்மேன் ரூம் கதவுக்குப் பின்னாடி ஒரு அருவா சாத்தி வச்சிருப்பாங்க. விறகு பிளக்க, இளநி சீவ, முள்ளு வெட்ட அதை அடிச்சுக்க எந்த இறக்குமதி கத்தியும் கிடையாது. லாரி ஸ்பிரிங் பட்டையை அடிச்சு பட்டறையில செஞ்சது, வளைவும் எடையும் அந்த வேலைக்குன்னே அமைஞ்சது. ஏற்காடு பக்கம் ஃப்ரெண்டோட காபி தோட்டத்துல நான் கம்பேனியனை வெளிய எடுத்தப்போ அங்க வேலை பாக்குற ஐயா வாங்கி திருப்பித் திருப்பி பாத்துட்டு "ஏந்தம்பி, இது வெத்தலைக்கு காம்பு கிள்ளவா?"ன்னு கேட்டாரு. அப்புறம் அதே ஆள் ராத்திரி கோழியை மூட்டு மூட்டா பிரிக்கிறதுக்கு அதைத்தான் கேட்டு வாங்கிட்டு போனாரு, திருப்பி தர மனசே இல்ல அவருக்கு.

அதனால என் கணக்கு இதுதான்: வெட்டுறது அருவாவோட வேலை, சீவுறதும் அறுக்கிறதும் கத்தியோட வேலை. அப்படி பிரிச்சுட்டா நாலு இஞ்ச் மெல்லிசு கத்தி போதும், காசும் மிச்சம்.

இப்ப கம்பேனியன். ஸ்வீடன்ல டாலார்னா மாகாணத்துல மோரான்னு ஒரு ஊர், அங்க பல தலைமுறையா கத்தி செய்றாங்க. 1891ல ஆரம்பிச்ச ஃப்ராஸ்ட்ஸ்னு ஒரு கம்பெனியும் 1912ல ஆரம்பிச்ச கேஜே எரிக்சன்னு ஒரு கம்பெனியும் 2005ல ஒண்ணா சேர்ந்ததுதான் இன்னைக்கு மோராக்னிவ். அங்க தச்சர், எலக்ட்ரீஷியன், மீன் பிடிக்கிறவங்கன்னு எல்லாரும் இடுப்புல மாட்டிட்டு திரியுற சாதாரண வேலைக் கத்தி இது, ஷோகேஸ்ல வைக்கிற சமாச்சாரம் இல்ல. பிளேடு 104 மில்லிமீட்டர், தடிமன் இரண்டரை மில்லிமீட்டர், ஸ்டீல் 12சி27, அதாவது கார்பன் 0.6 சதவீதம், குரோமியம் பதிமூன்றரை சதவீதம் சுமாரா. ரொம்ப உசத்தியான ஸ்டீல்னு சொல்ல முடியாது, ஆனா மழுங்குனா கல்லுல சீக்கிரமா கூர் ஏறிடும், அதுதான் காட்டுல வேணும்.

இதோட விசேஷம் ஸ்காண்டி கிரைண்ட்னு சொல்ற அந்த வடிவம். பிளேடு முதுகுல இருந்து பாதிக்கு மேல வரைக்கும் தட்டையா வரும், அங்கிருந்து ரெண்டு பக்கமும் ஒரே சரிவா கூர் வரைக்கும் இறங்கும். மரத்துல வச்சு சீவும்போது அந்த சரிவு அப்படியே மரத்துல படுத்துக்கும், கை எவ்ளோ சாய்க்கிறோமோ அவ்ளோ மெல்லிசா சுருள் சுருளா வரும். காஞ்ச சில்வர் ஓக் குச்சியை எடுத்து நுனியில சீவி சீவி சுருளை உதுராம விட்டுட்டோம்னா, மழை பேஞ்சு விறகெல்லாம் நமுத்துப் போயிருந்தாலும் அந்த ஒரு குச்சி பத்திக்கும். கொஞ்சம் தென்னம்பன்னாடை கிடைச்சா இன்னும் சுலபம். புளிய விறகு மாதிரி வைரம் பாஞ்ச கட்டைகிட்ட எல்லாம் இதை கொண்டு போகாதீங்க. மணிக்கட்டு தடிமன் சவுக்கு குச்சி வரைக்கும் அடிச்சு பிளக்கலாம், அதுக்கு மேல கதவுக்குப் பின்னாடி இருக்கிற அருவாவை கூப்பிடுங்க. டாங் பிடி முழுக்க போகாதுதான், ஆனா நெம்புகோலா பயன்படுத்தாத வரைக்கும் அது ஒரு பிரச்சனையே இல்ல.

சமையல்ல இது பாதி நல்லது பாதி சுமார். கறி, கோழி, மீனுக்கு அருமை, நுனி மெல்லிசா இருக்கிறதால மூட்டு எங்க இருக்குன்னு தேடி உள்ள போயிரும், முதுகை வச்சு செதில் சுரண்டலாம், ரப்பர் பிடிங்கிறதால கை எண்ணெயும் தண்ணியுமா இருந்தாலும் வழுக்காது. காய்க்கு வந்தா வேற கதை. கேரட் வச்சு அழுத்துனீங்கன்னா பாதி வரைக்கும் வெட்டும், அப்புறம் டக்குன்னு பிளந்துக்கும், வட்ட வட்டமா வர்றதுக்கு பதிலா ஒரு பக்கம் ஒடைஞ்ச மாதிரி வரும். அந்த சரிவு ஒரு ஆப்பு மாதிரி வேலை செய்றதால அப்படி, இந்த வடிவத்துல வர்ற எல்லா கத்திக்கும் இது உண்டு. பிளேடு அகலமும் கம்மி, அதனால பலகை மேல வச்சு வெங்காயம் நறுக்குனா விரல் முட்டி பலகையில இடிக்கும், பலகை ஓரத்துக்கு கொண்டு வந்து நறுக்கணும். நாலு பேருக்கு சாம்பார் வைக்கிற கேம்ப்னா வீட்டுல இருக்கிற காய் நறுக்குற கத்தி ஒண்ணையும் துணியில சுத்தி எடுத்துட்டு போயிருங்க, ஸ்டைல் குறையாது.

இன்னொண்ணு, நெருப்புக் குச்சிக்கு பதிலா ஃபெரோ ராட், அதாவது கத்தி முதுகால உரசுனா பொறி பறக்குற உலோகக் குச்சி வச்சு பொறி தட்டுறவங்க கவனிக்க: சாதாரண கம்பேனியனோட முதுகு கூரான மூலையா இருக்காது, பொறி சரியா வராது. அதுக்குன்னே பிடிக்குள்ள ராட் வச்சு ஸ்பார்க்னு ஒரு மாடல் இருக்கு. கம்பேனியன் உறை பிளாஸ்டிக், பாக்க ஒண்ணும் இல்ல, ஆனா அடியில தண்ணி வடிய ஓட்டை இருக்கு, கழுவுறது சுலபம், தோல் உறை மாதிரி மழையில ஊறி பூஞ்சை புடிக்காது. பெல்ட்ல மாட்ட வளையம் கிடையாது, க்ளிப்தான்.

கார்பனா ஸ்டெயின்லெஸ்ஸான்னு ஒரு சண்டை எப்பவும் ஓடும். கார்பன் ஸ்டீல் கூர் நல்லா ஏறும், சிக்கிமுக்கிக் கல்லுல பொறியும் தட்டும், எல்லாம் சரி. ஆனா மாங்கா நறுக்கி பாருங்க, அஞ்சு நிமிஷத்துல பிளேடு நீலமும் கருப்புமா ஆயிடும், மாங்காத் துண்டு ஓரத்துலயும் கருப்பு ஏறி இரும்பு வாடை அடிக்கும். எலுமிச்சைக்கும் அதே கதி. கடற்கரை ஊர்க்காரங்களுக்கு இன்னும் மோசம், துடைக்க மறந்து ராத்திரி வச்சா காலைல புள்ளி புள்ளியா துரு. நான் ஆன்லைன்ல ஒரு விற்பனையாளர்கிட்ட ஸ்டெயின்லெஸ் ஆர்டர் போட்டு வந்தது கார்பன், திருப்பி அனுப்பறதுக்குள்ள மெயில் மேல மெயில், போட்டோ மேல போட்டோ. பெட்டியில பேர் ஒரே மாதிரி இருக்கும், ஸ்டீல் எதுன்னு தனியா எழுதியிருக்கிறதை பாத்து வாங்குங்க. விலையும் ஆளுக்கு ஆள் மாறுது, அமெரிக்காவுல இருபது டாலர் பக்கம் கிடைக்கிற கத்தி இது, அதை மனசுல வச்சுகிட்டு பேரம் பேசுங்க.

எல்ட்ரிஸ் இதைவிட சின்னது, பிளேடு ரெண்டேகால் இஞ்ச் சுமார், தடிமன் ரெண்டு மில்லிமீட்டர். படத்துல பாத்தப்போ பொம்மைன்னுதான் தோணுச்சு. கையில புடிச்சா பிடி மட்டும் நல்லா தடியா இருக்கு, பிளேடுதான் குட்டி, அதனால அழுத்தம் குடுத்து வேலை பாக்க முடியுது, சின்ன கத்திங்கள்ல இது அபூர்வம். உண்மையை சொல்லணும்னா ரெண்டுல அதிகமா வெளிய வர்றது இதுதான். கொரியர் டப்பா டேப், அரிசி மூட்டை தையல் நூல், சணல் கயிறு, வாழைத்தார்ல இருந்து சீப்பு எடுக்கிறது, தோட்டத்து ஹோஸ் பைப், பஸ்ல போகும்போது கொய்யாப்பழம். பெரிய வெங்காயத்தை ஒரே இழுப்புல பாதியாக்க முடியாது, ரெண்டு பக்கம் இருந்தும் வெட்டணும், அது ஒரு குறை. இதோட முதுகு கம்பேனியன் மாதிரி இல்லாம நல்ல மூலையா இருக்கு, ஃபெரோ ராட் தட்டலாம். உறையில எந்தப் பக்கம் திருப்பி சொருகுனாலும் டக்குன்னு பூட்டிக்கும், இடதுகைக்காரங்களுக்கு வசதி. அந்த டக் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாவே கேக்கும், ஆபீஸ்ல பார்சல் பிரிக்க எடுத்தீங்கன்னா பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பாப்பாரு.

கழுத்துல மாட்டிக்க கயிறோட ஒரு செட்டும் விக்கிறாங்க. அதை வாங்கி நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுல சட்டைக்கு வெளிய தொங்க விட்டுட்டு நடந்தீங்கன்னா அடுத்து என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பையில, உறையோட, உள் ஜிப்புக்குள்ள. அவ்ளோதான்.

வாங்காம விட்டது ரெண்டு. ஒண்ணு கார்பெர்க், அதே மோராவோட ஃபுல் டாங் கத்தி, 109 மில்லிமீட்டர், 3.2 தடிமன், 14சி28என் ஸ்டீல். நல்ல கத்திதான், முதுகும் கூர் மூலையா இருக்கும், ஆனா விலை பல மடங்கு, அது செய்ற கூடுதல் வேலை எல்லாம் அருவா செய்றதுதான். அருவா கிடைக்காத இடத்துக்கு, இமயமலைப் பக்கம் எல்லாம் அடிக்கடி போற ஆளா இருந்தா யோசிக்கலாம். இன்னொண்ணு ஈஎஸ்ஈஈ இசூலா, எல்ட்ரிஸுக்கு போட்டி. முழு உலோகம், உறுதின்னா அப்படி ஒரு உறுதி, ஆனா 1095 கார்பன் ஸ்டீல், மேல பெயின்ட் அடிச்சிருந்தாலும் கூர் விளிம்பு திறந்துதான் கிடக்கும், சட்டைப்பை வேர்வைக்கே துரு வரும். தினமும் எண்ணெய் போட பொறுமை இருக்கிறவங்க வாங்கட்டும்.

சட்டம் பத்தி கேப்பீங்க. ஆயுதச் சட்டம் 1959, அதுக்கான 2016 விதிகள்படி பிளேடு 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ இருந்தாதான் ஆயுதப் பட்டியல்ல வருது, வீட்டு வேலை, விவசாய வேலைக்கானதை அதுலயும் விட்டுட்டாங்க. இந்த ரெண்டும் அதுக்கு பக்கத்துலகூட வராது. ஆனா நிறைய பேர் மறக்கிறது காட்டுச் சட்டம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972ல ஆயுதம்னா என்னன்னு சொல்ற இடத்துல கத்தியும் சேர்த்திதான், அளவெல்லாம் கிடையாது, சரணாலயத்துக்குள்ள தலைமை வனவிலங்கு காப்பாளரோட எழுத்துபூர்வ அனுமதி இல்லாம ஆயுதம் கொண்டு போகக்கூடாதுன்னு 31வது பிரிவு சொல்லுது, தேசியப் பூங்காவுக்கும் அப்படித்தான். அதனால முதுமலை, ஆனைமலைப் பக்கம் போகும்போது செக்போஸ்ட்ல கேட்டா மறைக்காம சொல்லுங்க, இல்ல வீட்டுலயே வச்சுட்டு போங்க, ஜீப் சஃபாரிக்கு கத்தி எதுக்கு. தனியார் எஸ்டேட், தோப்பு, சொந்தக் காடுன்னா இந்தத் தொல்லை இல்ல. மெட்ரோ ஸ்கேனர்ல மாட்டும், ஃப்ளைட்ல செக்இன் பையில மட்டும்தான். லண்டன்ல இருக்கிற நம்ம ஆளுங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அங்க 3 இஞ்சுக்கு உள்ள, லாக் ஆகாத மடக்குக் கத்திக்குத்தான் விலக்கு, மடங்காத கத்தி எவ்ளோ சின்னதா இருந்தாலும் பொது இடத்துல வச்சிருக்க தகுந்த காரணம் வேணும், எல்ட்ரிஸும் அதுல வரும்.

கடைசியா கூர் தீட்டுறது. தெருவுல சைக்கிள்ல சாணை பிடிக்கிறவர் வருவாரு, அருவாமனைக்கும் அருவாவுக்கும் அவர் கெட்டிக்காரர், ஆனா இந்த கத்தியை அவர்கிட்ட குடுக்காதீங்க. சக்கரம் காய்ஞ்சு சுத்துது, பொறி பறக்குது, மெல்லிசு கூர் அந்த சூட்டுல பதம் போயிரும், அதோட ஒரே சரிவா இருந்ததுல ரெண்டாவதா ஒரு சரிவு விழுந்திடும், அப்புறம் மரம் சீவுறப்போ கத்தி வழுக்கிட்டே போகும். ஆயிரம் கிரிட் (கல்லோட சொரசொரப்பு அளவு) தண்ணி விட்டு தீட்டுற கல்லு ஒண்ணு வாங்குங்க, ஹார்டுவேர் கடையில கிடைக்கிற ரெண்டு பக்கக் கல்லுகூட அவசரத்துக்கு போதும். கோணம் எல்லாம் கணக்கு பாக்கவே வேணாம், சரிவு முழுசும் கல்லுல படியிற மாதிரி படுக்க வச்சு, கூர் முன்னாடி போற மாதிரி தள்ளுங்க. ஒரு பக்கம் தள்ளிகிட்டே இருந்தா எதிர் பக்கம் விரலை குறுக்கா தடவிப் பாத்தா மெல்லிசா ஒரு பிசிறு தட்டுப்படும், அப்ப திருப்பிப் போட்டு அந்தப் பக்கம். பிசிறு போக பழைய தோல் பெல்ட்டோட உள்பக்கத்துல, கூர் பின்னாடி இருக்கிற மாதிரி இழுங்க, முன்னாடி தள்ளுனா பெல்ட் ரெண்டாயிடும். எல்ட்ரிஸுக்கும் இதே முறைதான், பிளேடு குட்டிங்கிறதால விரல் கல்லுகிட்ட வந்துரும், டிவி பாத்துகிட்டே பண்ணாதீங்க.