மழையோடு கேட்ட ‘ஜார்ஸ் ஒஃப் க்ளே’

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டச் சபையொன்றின் வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில், தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையை ஓயாது அடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலையில், ‘ஜார்ஸ் ஒஃப் க்ளே’ என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ இசைக்குழுவினர் 1995இல் தம் பெயரிலேயே வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பைப் பத்துப் பாட்டும் முடியும்வரை இருந்து கேட்டோம். வந்தவர்களில் பாதிப்பேருக்கு ஆங்கிலம் அரைகுறைதான் என்பதால், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னர் அதன் பொருளை இரண்டு மூன்று வாக்கியங்களில் தமிழில் சொன்ன பின்பே ஒலிக்கவிட்டோம்.

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலுள்ள கிரீன்வில் கல்லூரியில் மாணவர்களாயிருந்தபோது இவர்கள் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். “இந்தப் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்” என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 4ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்திலிருந்து மண்பாண்டங்கள் என்று பொருள்படும் குழுவின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் எவரும் இல்லை. வேகமாக மீட்டப்படும் சாதாரண மரக் கிட்டார்களும், இயந்திரத்தில் ஓடும் தாளமும், இடையிடையே வயலின் வரிசையும், டான் ஹேசல்டைனின் அடங்கிய குரலுமே இத்தொகுப்பின் அடிப்படை. ‘கிங் கிரிம்சன்’ குழுவின் கிட்டார் கலைஞரான ஏட்ரியன் பெலூ இரண்டு பாட்டுகளைத் தயாரித்துக் கொடுத்தார். அவற்றுள் ஒன்றான ‘ஃப்ளட்’ கிறிஸ்தவ வானொலிகளின் எல்லையைத் தாண்டிப் பொது றொக் வானொலிகளிலும் ஒலித்தது. தொகுப்பும் 20 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று.

அன்று எங்களை இருத்தி வைத்ததும் அந்த ‘ஃப்ளட்’தான். நாட்கணக்கில் விடாத மழையில் முகம் நனைய நிற்கும் ஒருவன், தன் உலகமே வெள்ளமாகித் தானும் மெல்ல மெல்லச் சேற்றோடு சேறாகிப் போவதாகச் சொல்கிறான். நோவாவின் நாற்பது நாளை நினைத்து, இனி நீந்த முடியாது, என்னைத் தூக்கியெடும் என்று கேட்கிறான். எழுதியவர்களுக்கு இது மனத்தின் நிலையைச் சொல்லும் உருவகமாக இருந்திருக்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வந்ததும் பிள்ளைகளையும் துணிமூட்டையையும் தூக்கிக்கொண்டு பாடசாலைக் கட்டடத்துக்கு ஓடிப் பழகியவர்களுக்கு அது அப்படிக் கேட்கவில்லை. சேறு என்ற சொல்லைத் தமிழில் சொன்னவுடன் மண்டபத்தில் பேச்சு நின்றது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயன் குடியிருப்புகள் மண்ணுக்குள் போனதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பின்வரிசையில் இருந்த கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் மட்டும், “சேறுன்னா கழுவிறலாமே தம்பி, மண்ணுன்னு சொல்லுங்க” என்று திருத்தினார். பாட்டின் நடுவே வேகம் தணிந்து, தூக்கிவிடும் என்ற வேண்டுதல் மட்டும் திரும்பத் திரும்ப வரும் பகுதியில், கூரையின் இரைச்சலுக்கும் வயலினுக்கும் வேறுபாடு தெரியாமற் போனது. நல்ல ஒலிபெருக்கியில், மழையில்லாத ஊரில் கேட்டிருந்தால் எனக்கு இந்த அனுபவம் கிடைத்திராது.

கருத்து வேறுபாடு எழுந்தது மூன்றாவது பாட்டான ‘லவ் சோங் ஃபோர் எ சேவியர்’ வந்தபோதுதான். இரட்சகரிடம் காதல் கொள்ள விரும்புகிறேன் என்று பாடுவது ஆராதனைக்கு அடுக்குமா என்று உபதேசியார் கேட்டார். கீர்த்தனையிலே வளர்ந்த மூத்தவர்கள் சிலரும் அவரோடு நின்றார்கள். அவருடைய தயக்கத்தை மதிக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் தேவமோகினி என்னும் தலைவி கிறிஸ்துவின்மேல் கொண்ட காதலால் உருகுகிறாள். அந்தச் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத்தானே ஞாயிறுதோறும் பாடுகிறோம்? குற்றம் காண்பதென்றால் இசையமைப்பில் காணலாம். அளவுக்கு மிஞ்சிய இனிமையால் இரண்டாம் தடவை கேட்கும்போதே அந்தப் பாட்டு திகட்டிவிடுகிறது.

‘ஹீ’ என்ற ஆறாவது பாட்டைப் பற்றி நான் அதிகம் எதிர்பார்க்கவில்லை. அடிபடும் குழந்தையொன்று, அப்பா, என்மேல் அன்பில்லையா, பின் ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்கும் பாட்டு அது. தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளை மடுவத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் அதை மறுபடியும் போடச் சொன்னார். சம்பள நாளின் மறுநாள் காலையில் எந்தப் பிள்ளை எப்படி வந்து நிற்கும் என்பது தனக்குத் தெரியும் என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. கிறிஸ்தவப் பாட்டென்றால் புகழ்ச்சி மட்டுமே என்று எண்ணியிருந்த இளைஞர்களுக்கு இத்தொகுப்பில் எதிர்பாராது கிடைத்தது இதுதான் என்று நினைக்கிறேன். ‘சிங்கிங்’, ‘வேர்ல்ட்ஸ் அபார்ட்’ ஆகிய இரண்டும் அதே நேர்மையோடு தோல்வியை ஒப்புக்கொள்கின்றன. ‘போய் ஒன் எ ஸ்ட்ரிங்’ எங்களுள் எவரையும் தொடவில்லை.

தாளத்தைப் பற்றி ஒரு குறை சொல்லியாக வேண்டும். முதற்பாட்டான ‘லிக்விட்’ துறவிமடத்துப் பாடலைப் போன்ற குரல்களோடு தொடங்கி, அவற்றின்கீழே இயந்திரத் தாளத்தை ஓடவிடுகிறது. 1995இல் அது புதுமையாயிருந்திருக்கும். தப்பு மேளத்தின் அடியைக் கேட்டு வளர்ந்த காதுக்கோ, ஏறவும் தெரியாமல் இறங்கவும் தெரியாமல் ஒரே அளவில் ஓடும் அந்தத் தாளம் உயிரற்றதாகவே படுகிறது. தீமிதித் திருவிழாக்களில் தப்படித்துப் பழகிய குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர், “அடிக்கிறவன் மூச்சு வாங்கவே மாட்டானா?” என்று கேட்டார். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. கிட்டார் பழகுவோருக்கு மாத்திரம் இது நல்ல பாடம். தந்திகளை மீட்டும் வலக்கையே பாட்டை நடத்திச் செல்வதை இங்கே தெளிவாகக் கேட்கலாம்.

இறுவட்டில் கேட்பவர்கள் பத்தாவது பாட்டான ‘பிளைண்ட்’ முடிந்ததும் நிறுத்திவிடக்கூடாது. அன்று நாங்களும் முடிந்ததென்று எழுந்து பிளேன்டீ ஊற்றத் தொடங்கியபோதுதான், பாட்டு வரிசையில் குறிப்பிடப்படாத இன்னொரு பாட்டு ஒலித்தது. ‘ஃபோர் செவன்’ என்பது அதன் பெயர். குழுவுக்குப் பெயர் தந்த அதே 4:7. பாட்டில் தயக்கம் காட்டிய உபதேசியாரே வேதாகமத்தைத் திறந்து அந்த வசனத்தை வாசித்துக் காட்டினார். அதற்குப் பின்னும் வயலின்காரர்களின் ஒத்திகை நெடுநேரம் தொடர்கிறது. கைபேசியில் டேட்டா செலவழித்துக் கேட்பவர்கள் அதைத் தாராளமாக விட்டுவிடலாம்.