பிளானிங் சாஃப்ட்வேர்: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

எந்தத் தையல் லைனில் எந்த ஆடை எப்போது ஓட வேண்டும் என்று அட்டவணை போடும் இந்த சாஃப்ட்வேரின் விலையைக் குறைத்திருக்கிறார்களாம், வாங்கலாமா என்று திருப்பூரிலேயே கார்மென்ட் யூனிட் வைத்திருக்கும் நண்பர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் நேவி ப்ளூ துணி லாட் ஒன்று ஷேடு மாறி மறு டையிங்குக்கு, அதாவது திரும்பச் சாயம் ஏற்ற, போயிருந்தது.

மற்றதெல்லாம் டெமோவில் பார்த்திருப்பீர்கள். என் பெரிய வயிற்றெரிச்சல் ரீ-பிளான்தான், அதாவது போட்ட அட்டவணையை மாற்றிப் போடுவது. ஒரு லாட் இரண்டு நாள் தள்ளிப்போனால் அந்த ஸ்டைலோடு (அந்த ஆடை மாடலோடு) விடாது, நான்கு தையல் லைனையும் கலைத்து அடுக்கும். எந்த மெஷினும் சும்மா நிற்கக் கூடாதாம். கணக்கு சரிதான். ஆனால் லைனில் 30 மெஷின், நாளுக்கு 480 நிமிடம், பீஸுக்கு 8 நிமிடம் என்றால் முழுத் திறனில் 1,800 பீஸ். எங்களுக்கு அதில் பாதி, 900 வந்தாலே நல்ல நாள். புது ஸ்டைல் ஏற்றிய முதல் நாள் 300 தாண்டாது, டெய்லர்களுக்குக் கை பழக வேண்டுமே. மாற்றி மாற்றி ஏற்றினால் எல்லா நாளும் முதல் நாள்தான்.

"ஏனுங்க, காலைல ஒரு பிளான், மத்தியானம் ஒரு பிளானுங்களா?" என்றார் சூப்பர்வைசர். அப்புறம் அவர் கேட்பதையே நிறுத்திவிட்டு, கரும்பலகையில் சொந்தமாக ஒரு பிளான் எழுதத் தொடங்கினார். லைன் அதன்படிதான் ஓடியது. நான் இங்கே ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஐந்து நாள் பிளானைப் பூட்டிவைக்க ஒரு செட்டிங் இருக்கிறது. எட்டு மாதம் கழித்து நானே தோண்டி எடுத்தேன். பயிற்சி கொடுக்க வந்தவர் அதைப் பற்றி மூச்சுகூட விடவில்லை. பூட்டிய பிறகு கரும்பலகையும் ஸ்கிரீனும் ஓரளவு ஒத்துப்போகின்றன.

டையிங்தான் இன்னும் அதற்குப் புரியாத ஊர். டையிங்காரர் வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போவார். இடையில் மாற்றினால் மெஷினைக் கழுவ வேண்டும். சுத்திகரிப்பு நிலையம் தாங்கும் அளவுக்குத்தான் தண்ணீர் விட முடியும். 2011இல் கழிவுநீர்ப் பிரச்சினையில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை இந்த ஊர் மறக்கவில்லை. ஆக, என் நேவி ப்ளூ அவர் வரிசையில் கடைசி. சாஃப்ட்வேரோ வெள்ளைக்கும் நேவிக்கும் ஒரே ஏழு நாள் போடுகிறது. தினமும் பத்து மணிக்கு ஒரு பையன் போன் போட்டுக் கேட்டு, உண்மைத் தேதியை டைப் செய்கிறான். அவன் லீவு போட்டால் அன்றைய பிளான் குப்பை.

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். காலர் ரிப், கேர் லேபிள், நூல் என்று எது ஸ்டோருக்கு வரவில்லையென்றாலும், லைனில் ஏற்றும் முன்பே அந்த ஸ்டைலைச் சிவப்பாகக் காட்டிவிடும். லேபிளுக்காக லைன் படுத்த நாட்கள் உண்டு, இப்போது இல்லை. போன தீபாவளி நெருக்கடியில்கூட ஒரு பெட்டியும் தாமதமாகி விமானத்தில் போகவில்லை, எல்லாம் தூத்துக்குடி வழியாகக் கப்பலில்தான். அந்தச் சரக்கு விமானத்தில் போயிருந்தால் லாபம் முழுக்க வாடகைக்கே சரியாகியிருக்கும். நான் சந்தாவைப் போன மாதம்தான் புதுப்பித்தேன்.

ஆனாலும் நண்பரே, இப்போதைக்கு வாங்காதீர்கள். பத்து மணிக்குப் போன் போட ஆள் கிடைத்த பிறகு யோசிக்கலாம். அதற்குள் ஒரு நாள் யூனிட்டுக்கு வந்து பாருங்கள். ரீ-பிளான் பட்டனை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.