7 வருடமாக இம்பாக்ட் எழுத்துருவோடு

போஸ்டர், பேனர் வேலைக்கு வந்து 7 வருடம் ஆகிறது. ஆங்கிலத் தலைப்புகளில் பாதிக்கு மேல் இம்பாக்ட்டில்தான் போட்டிருப்பேன். ஆரம்பத்தில் பெரிய காரணம் ஒன்றுமில்லை. விண்டோஸோடு சேர்ந்தே வந்தது, பட்டியலில் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

ஜெஃப்ரி லீ வடிவமைத்து, இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்த ஸ்டீஃபன்சன் பிளேக் என்ற அச்செழுத்து வார்ப்பகம் 1965இல் வெளியிட்ட எழுத்து இது. ஈயத்தில் வார்த்த எழுத்துகளை அடுக்கி அச்சடித்த முறையின் கடைசிக் காலம். கிடைத்த இடத்தில் எவ்வளவு மை அப்ப முடியுமோ அவ்வளவையும் அப்பப் பார்த்திருக்கிறார் மனிதர். சிற்றெழுத்துகளின் (a, b, c போன்றவை) உடல் நல்ல உயரம். மேலேயும் கீழேயும் நீளும் கோடுகள் குட்டை. அதனால் இரண்டு வரித் தலைப்பை நெருக்கி அடுக்கினாலும் வரிகள் முட்டிக்கொள்வதில்லை. ஒடுக்கமான இடத்தில் நீளமான சொல்லைப் பெரிதாகக் காட்ட வேண்டுமா, நான் இன்றும் முதலில் இதைத்தான் எடுக்கிறேன்.

ஆனால் அந்த மைதான் வினையும். எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை வெறும் கீறல்தான். ஒருமுறை துண்டறிக்கையில் தொலைபேசி எண்ணையும் இதிலேயே 9 பாயிண்ட்டில் வைத்துவிட்டேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. வழவழப்பில்லாத தாளில் மை பரவியதும் 3, 6, 8 மூன்றும் ஒட்டிப்பிறந்தவை போல ஆகிவிட்டன. மொத்தமும் மறுபடி அச்சு, என் செலவில். அப்புறம் 24 பாயிண்ட்டுக்குக் கீழே இதைத் தொட்டதில்லை. முழுக்கப் பேரெழுத்தில் (A, B, C) போட்டால் எழுத்து இடைவெளியையும் கொஞ்சம் கூட்டிவிடுகிறேன்.

மீம் தொல்லை தனி. வெள்ளை எழுத்து, கறுப்பு விளிம்பு என்றாலே ஜனங்கள் சிரிக்கத் தயாராகிவிடுகிறார்கள். எந்தப் படத்தின் மேல் வைத்தாலும் படிக்க முடிகிறது என்பதால்தான் மீம்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். எழுத்தின் மேல் குற்றமில்லை. இருந்தாலும் புகைப்படத்தின் மேல் இதை வைப்பதை விட்டுவிட்டேன். ஒற்றை நிறப் பின்னணியில் இன்னமும் கம்பீரம்தான்.

இணையதளத்துக்கு மட்டும் வேண்டாம். ஆண்ட்ராய்டில் இம்பாக்ட் கிடையாது. வேறு எழுத்து வந்து உட்கார்ந்து தலைப்பு உடைந்துபோகும். அங்கே வெர்னான் ஆடம்ஸ் வடிவமைத்த ஆன்டன் என்ற எழுத்துருவைப் போடுகிறேன். கிட்டத்தட்ட அதே ஒடுக்கம், அதே தடிமன், திறந்த உரிமம் என்பதால் தளத்திலேயே ஏற்றிக்கொள்ளலாம்.

தமிழ்த் தலைப்பை இதற்கு ஜோடியாக்கும்போதுதான் கை நடுங்கும். 'ணை' ஒன்றே மூன்று ஆங்கில எழுத்தின் இடத்தைக் கேட்கும். சரி, அகலத்தை 70 சதவீதமாக நசுக்கலாம் என்றால் செங்குத்துக் கோடுகள் மெலிந்து, படுக்கைக் கோடுகள் அப்படியே தடித்து நிற்கின்றன. பார்க்கவே பாவமாக இருக்கும். இப்போது தமிழை அதன் இயல்பான அகலத்திலேயே தனி வரியாக, தடித்த எழுத்தில் மேலே வைத்துவிட்டு, இம்பாக்ட்டைக் கீழ் வரிக்கு அனுப்பிவிடுகிறேன்.