கல்குழாயை எடுத்துவிட்டு பிவிசி போட்டோம்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

சென்னை மேற்கு மாம்பலத்தில் தாத்தா கட்டிய வீடு. அந்தக் கால வழக்கப்படி கழிப்பறை கொல்லைப்புறத்தில், மெட்ரோ வாட்டர் (குடிநீர், கழிவுநீர் வாரியம்) மேன்ஹோல் வாசல் தெருவில். நடுவில் சுமார் 70 அடிக்குப் பக்கவாட்டுச் சந்தில் ஸ்டோன்வேர் குழாய், அதாவது சுட்ட மண்ணாலான கல்குழாய், ஓடியது. 2018-ல் அதை எடுத்துவிட்டு பிவிசி போட்டோம். போட்ட புதிதில் எந்தக் குழாயும் நன்றாகத்தான் ஓடும். அதனால் சில ஐப்பசி, கார்த்திகைகளைப் பார்த்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

பழைய குழாயைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தோண்டி எடுத்தபோது மேல்மெருகு கூடப் போகவில்லை. உப்பு மெருகேற்றிச் சுட்ட மண் குழாயைச் சாக்கடைத் தண்ணீர் அரிப்பதில்லை. கெட்டுப்போவது மூட்டுகள்தான். ஸ்டோன்வேர் 60 செ.மீ. துண்டுகளாக வரும், 70 அடிக்கு முப்பத்தைந்து மூட்டு ஆகிறது. ஒவ்வொன்றிலும் சணலைத் திணித்து சிமெண்ட் கலவை பூசியிருப்பார்கள். மண் கொஞ்சம் இறங்கினாலே கலவை விரிசல் விடும். ஈரம் கசியும் இடத்தை வேப்பமர வேர் எப்படியோ மோப்பம் பிடித்துவிடும். நூலாக நுழைந்து, உள்ளே புதராக மண்டி, வருகிற துணி, முடி எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தினால் தண்ணீர் போகும், வேர் போகாது. சில மாதத்தில் மறுபடி அடைப்பு. வேர் விட்டுவைத்த மூட்டுகளைப் பெருச்சாளி பார்த்துக்கொண்டது. சந்தின் தரை ஓரிடத்தில் உள்வாங்கியது அதன் கைங்கரியம். பக்கத்தில் கிணறு இருந்தால் விஷயம் இன்னும் மோசம்; மூட்டில் கசிவது மண் வழியாகக் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும்.

எந்தக் கம்பெனி குழாய் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அதைவிட, குழாயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிப்பது முக்கியம். மண்ணில் புதைக்கிற சாக்கடைக் குழாய்க்கு ஐ.எஸ். 15328 என்ற தரம் உண்டு. சுவரில் ஏறும் குழாய்க்கு ஐ.எஸ். 13592, அதிலும் டைப் ஏ மழைநீருக்கும் காற்றுப் போக வைக்கும் வெண்ட் பைப்புக்கும், டைப் பி கழிப்பறைக்கு. விலை குறைவு என்று ஏ-யை நீட்டினால் வாங்காதீர்கள்.

அப்புறம் வாட்டம். நாலு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி இறக்கம் என்பது பழைய கணக்கு. 70 அடிக்கு 21 அங்குலம் வருகிறது. தெரு இணைப்பு ஆழமாக இருந்ததால் எங்களுக்கு அது கிடைத்தது. தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் (டியூப் லெவல்) பிடித்து, அடியில் மணல் பரப்பிப் பதித்தார்கள். குழாய் திரும்பும் இடங்களில் வெறும் வளைவுத் துண்டா (பெண்டு), மூடி போட்ட தொட்டியா (சேம்பர்) என்று கொத்தனாரோடு கொஞ்சம் வாக்குவாதம். "பெண்டு போட்டா வேலை முடிஞ்சுது சார், எதுக்கு இத்தனை சேம்பர்?" என்றார். திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும், நேராக ஓடும் இடத்தில் நடுவிலும் சேம்பர் கட்டச் சொன்னேன். இத்தனை வருடத்தில் செலவுக்கு ஈடு கொடுத்தது அதுதான். அடைப்பு வந்தால் எந்த சேம்பரில் தண்ணீர் நிற்கிறது, எதில் காய்ந்திருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்தாலே இடம் தெரிந்துவிடும். மூடிகள் ஃபைபரில் இருப்பதால் அம்மாவே தூக்கிப் பார்ப்பார். உட்பூச்சு மட்டும் இரண்டு சேம்பர்களில் பொரிந்திருக்கிறது. சாக்கடை வாயு ஈரத்தில் அமிலமாகி சிமெண்டைத் தின்கிறது, அவ்வப்போது பூசத்தான் வேண்டும்.

வெள்ளம்தான் உண்மையான பரீட்சை. எங்கள் தெருவில் பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே ரோடு போட்டதில் வீடு தாழ்ந்துவிட்டது. மெயின் லைன் நிரம்பினால், மேன்ஹோல் பொங்குவதற்கு முன்னாலேயே எங்கள் கழிப்பறையில் பொங்கும். அதற்காகக் கடைசி சேம்பரில், தண்ணீரை வெளியே மட்டும் விடும் ரிஃப்ளக்ஸ் வால்வு வைத்தோம். 2021 நவம்பர் மழையிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருச் சாக்கடை உள்ளே வரவில்லை. ஆனால் வால்வு மூடியிருக்கும்வரை நம் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. அந்த நாட்களில் குளியல், துவையல் எல்லாம் கட். ஒரு தடவை மடலில் துணி சிக்கி மூடாமல் நின்றது. ஆடி, ஆவணியிலேயே திறந்து கழுவிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மொட்டைமாடித் தண்ணீரைச் சாக்கடையில் விட்டிருப்பவர்கள் தயவுசெய்து பிரித்துவிடுங்கள். 2003-லிருந்தே மழைநீர் சேகரிப்பு கட்டாயம். தெரு பொங்குவதில் பாதிப் பங்கு இந்த இணைப்புகளுக்குத்தான் என்பது என் எண்ணம்.

ஆசிட் ஊற்றுவதை நிறுத்தியாயிற்று. வேரையோ துணியையோ அது அசைப்பதில்லை, சேம்பர் பூச்சைத்தான் தின்னும். வீட்டைப் புதுப்பிக்கும்போது அழகுக்குக் குறைச்சல் என்று பழைய வெண்ட் பைப்பை வெட்டுகிறவர்களும் உண்டு. காற்றுக்கு வழியில்லாவிட்டால் மாடியில் ஃபிளஷ் செய்யும்போது கீழ் டிராப்பில் (கழிப்பறையின் அடி வளைவில்) நாற்றத்தைத் தடுக்க நிற்கும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். நாற்றம் வீட்டுக்குள் வரும். அப்புறம் ஃபினாயிலாக வாங்கிக் கொட்ட வேண்டியதுதான்.

தெரு மேன்ஹோல் அடைத்தால் மெட்ரோ வாட்டர் வாரியத்தில் சொல்லி, தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் வண்டி வரும்வரை காத்திருங்கள். "ஆள் இருக்கு சார், இறங்கி எடுத்துடுவான்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படி ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை உண்டு. உள்ளே இருக்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்க்கும்.

சமையலறைக் கிளை மட்டும் இன்னும் பழைய ஸ்டோன்வேர்தான். மாற்றினால் கூடத்துத் தரையை உடைக்க வேண்டும். அந்தப் பக்கம் மரம் இல்லை, எண்ணெய்ப் பிசுக்குதான் தொல்லை. சமையலறைத் தண்ணீர் வந்து விழும் கல்லி டிராப்பில் மிதக்கும் எண்ணெய் ஆடையை வாராவாரம் வழித்து எடுத்துவிட்டால் சரியாக ஓடுகிறது. இப்போதைக்கு அதில் கை வைக்கும் எண்ணம் இல்லை.