தீராத வயிற்றுக் கோளாறு: ஸ்கோப்பா, சாப்பாட்டுச் சோதனையா, நரம்புக்கு மருந்தா?

மாதக்கணக்கில் வயிறு ஊதி, சாப்பிட்ட கையோடு கக்கூசுக்கு ஓடி, அப்புறம் சில நாள் மலம் இறுகிக் கிடந்து, கடைசியில் டொக்டர் 'ஐபிஎஸ்' (குடல் எளிதில் குழம்பும் நீண்டகாலக் கோளாறு) என்று எழுதித் தந்தால் யாருக்கும் வரும் கேள்வி: சரி, இது ஏன் வந்தது? நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே அதற்குப் பதில் தேட நாலைந்து வழிகள் உண்டு. எல்லாம் ஒரே தரமில்லை.

பலரும் முதலில் கேட்பது ஸ்கோப், அதாவது கமரா பூட்டிய குழாயை விட்டுக் குடலைப் பார்ப்பது. மலத்தில் இரத்தம், காரணமில்லாத மெலிவு, இரத்தச்சோகை, இரவில் நித்திரையைக் குழப்பி எழுப்பும் வயிற்றோட்டம், குடும்பத்தில் குடல் புற்றுநோய், இதில் ஒன்று இருந்தாலும், அல்லது ஐம்பதை நெருங்கும் வயதில் முதன்முறையாகத் தொடங்கியிருந்தாலும், யோசிக்காமல் ஸ்கோப் பக்கம் போங்கள். இவை எதுவும் இல்லாத இருபத்தைந்து வயதுக்காரருக்கு அது அநேகமாக 'எல்லாம் நோர்மல்' என்று ஒரு ரிப்போட்டைத் தரும், அவ்வளவுதான். ஐபிஎஸ் ஸ்கோப்பில் தெரிகிற நோய் இல்லை. 2016இல் வந்த, டொக்டர்மார் உலகெங்கும் பயன்படுத்தும் ரோம் 4 வரையறையே அறிகுறிகளை வைத்துத்தான் முடிவு செய்கிறது: கடந்த மூன்று மாதமாகக் கிழமைக்கு ஒரு நாளாவது வயிற்று வலி, அது மலம் கழிப்பது, எத்தனை தரம் போகிறது என்ற மாற்றம், எப்படிப் போகிறது என்ற மாற்றம் என்ற மூன்றில் இரண்டோடாவது சேர்ந்து வருவது.

ஸ்கோப்பை விட எனக்குப் பிடித்தது ஒரு சின்னப் பரிசோதனைக் கட்டு: இரத்த எண்ணிக்கை, உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் சிஆர்பி, தைரொயிட், கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை, மலத்தில் கிருமி, கல்புரொடெக்டின். கடைசியாகச் சொன்னதும் மலப் பரிசோதனைதான். குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். அது குறைவாக இருந்தால் குரோன்ஸ் போன்ற குடல் அழற்சி நோய்க்கான சாத்தியம் நன்றாகவே குறைந்துவிடும். ஒரு விஷயம்: சீலியாக் பரிசோதனைக்கு முன் பாணையும் றொட்டியையும் நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.

ஆனால் இயந்திரமும் ஊசியும் இல்லாமல், கேள்வி கேட்டே பிடிக்கக்கூடிய காரணங்களைத்தான் நாங்கள் அதிகம் தவறவிடுகிறோம் என்று நினைக்கிறேன். சலரோகத்துக்கு மெட்ஃபோமின் குளிசை எடுப்பவருக்கு வயிற்றோட்டம் மிகச் சாதாரணமான பக்கவிளைவு, அதை வருடக்கணக்கில் ஐபிஎஸ் என்று நம்பிக்கொண்டு இருப்பது தேவையில்லாத வேதனை (தாமாக நிறுத்த வேண்டாம், மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது, கிளினிக்கில் கேளுங்கள்). பித்தப்பையை எடுத்த பிறகு தொடங்கியதா? பித்த அமிலம் பெருங்குடலுக்குள் வழிந்து வருவதாக இருக்கலாம். வயிற்றோட்ட வகை ஐபிஎஸ் என்று சொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இதுதான் பிரச்சினை, இதற்குத் தனி மருந்து உண்டு. நாளுக்கு நாலு தரம் பால்மாத் தேத்தண்ணி குடிப்பவர் இரண்டு கிழமை வெறும் தேத்தண்ணிக்கு மாறிப் பார்த்தால் லக்டோஸ் (பாலில் உள்ள சீனி) ஒத்துக்கொள்ளாத விவகாரம் அநேகமாகத் தெரிந்துவிடும்.

இன்னொன்று, கடுமையான வாந்தி வயிற்றோட்டம் ஒன்றுக்குப் பிறகு தொடங்கியதா என்பது. கனடாவின் வோக்கர்டன் என்ற ஊரில் 2000ஆம் ஆண்டு குடிநீரில் கிருமி கலந்தபோது நோயுற்றவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், பலருக்கு ஐபிஎஸ் நிலைத்துவிட்டது. எங்கள் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கிறது, மலகூடக் குழியின் கசிவு கிணற்றுக்குள் போவது கடினமில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

அடுத்தது சாப்பாட்டுச் சோதனை, அதாவது மெல்பேணில் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபோட்மாப் குறைந்த உணவு முறை. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சிலவகை மாச்சத்தும் சீனியும் தண்ணீரை இழுத்து, பெருங்குடலில் நொதித்து வாயுவாகின்றன. அவற்றை இரண்டு முதல் ஆறு கிழமை வரை விட்டுவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. எங்கள் சமையலில் முதல் எதிரிகள் வெங்காயமும் உள்ளியும். சின்ன வெங்காயம் இல்லாமல் யாழ்ப்பாணக் கறியா என்று அம்மாமார் கேட்பார்கள். லீக்ஸின் பச்சை இலை போடலாம், உள்ளியை எண்ணெயில் வாசம் வரும்வரை பொரித்து எடுத்து எறிந்துவிடலாம், அந்தச் சத்து எண்ணெயில் கரைவதில்லை. சோறு, அரிசி மா இடியப்பம், கோதுமை மா கலக்காத பிட்டு, மீன், முட்டை, கரட், பப்பாசி எல்லாம் பிரச்சினையில்லை. பாண், கடலை, பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொஞ்சக் காலம் ஒதுங்கட்டும்.

இந்த முறையின் பலம், எது உங்களைத் தாக்குகிறது என்று உங்கள் வயிறே சொல்வது. பலவீனம், ஆட்கள் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுவது. குணமாகிவிட்டது என்று வருடக்கணக்கில் பத்துச் சாப்பாட்டோடு வாழ்ந்தால் உடம்பும் மெலியும், குடலில் வாழும் நல்ல கிருமிகளும் குறையும். திரும்பச் சேர்க்கும் கட்டம்தான் உண்மையான சோதனை.

இரத்தத்தைக் கொடுத்தால் ஒவ்வாத உணவுகளின் பட்டியல் தருகிறோம் என்கிற ஐஜிஜி பரிசோதனைக்குக் காசு கொடுக்காதீர்கள். ஐஜிஜி என்பது இரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதம், அது நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டுகிறது.

சித்த வைத்தியம்? கைதடிச் சித்த வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். சாப்பாடு, நித்திரை, மலம் மூன்றையும் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் அங்கே இருக்கிறது, அது பெரிய விஷயம். முறையாகப் படித்த வைத்தியரிடம் போங்கள், என்ன சேர்ந்தது என்று தெரியாத பொடியை வாங்கிக் குடிக்காதீர்கள், ஆங்கில மருந்து எடுப்பதையும் மறைக்காதீர்கள்.

கடைசியாக, பலர் கோபிக்கும் வழி: நரம்பு. குடலுக்கும் மூளைக்கும் இடையிலான சமிக்ஞை கூர்மையாகிப்போய், மற்றவருக்குத் தெரியாத வாயு உங்களுக்கு வலியாகிறது. இது கற்பனை நோய் என்று அர்த்தமில்லை, தேடிய மூலகாரணமே அதுவாக இருக்கலாம். இடப்பெயர்வும் இழப்பும் கண்ட ஊரில் நீண்டகால மன அழுத்தத்துக்கு இதில் பங்கில்லை என்று சொல்லவும் முடியாது. 2023இல் லான்செற்றில் வந்த, 463 பேரை வைத்துச் செய்த பிரித்தானிய ஆய்வில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் வெற்றுக் குளிசையை விடத் தெளிவாகப் பலன் கொடுத்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துதான், ஆனால் இங்கே அளவு மிகச் சிறிது, வேலை வேறு. வாய் காயும், நித்திரை வரும், மலச்சிக்கல் உள்ளவருக்கு அதைக் கூட்டலாம். டொக்டரின் சீட்டோடுதான் எடுக்க வேண்டும்.

என் தெரிவு கேட்டால்: முதலில் குளிசைப் பட்டியலும் பால்மாவும், அதே கிழமையில் அந்தச் சின்னப் பரிசோதனைக் கட்டு, பிறகு சாப்பாட்டுச் சோதனை. அது முடிந்தும் வலி நிற்காதவர் அடுத்த ஸ்கான், அடுத்த லாப் என்று அலையாமல் நரம்புக்கான மருந்தைப் பற்றி வெளிப்படையாகக் கேட்கலாம். ஏற்கனவே மெலிந்திருப்பவரும், சாப்பாட்டைக் கண்டாலே பயப்படுகிறவரும் மட்டும் உணவு ஒதுக்குவதைத் தவிர்த்து நேரே அந்த நரம்பு மருந்தைப் பற்றிக் கேட்கப் போவது நல்லது.