தண்டுவடத் தூண்டல் கருவி: தூக்கத்துக்கு முழு மார்க், சார்ஜருக்குப் பாஸ் மார்க்

மோட்டார் காயில் கட்டியே வயிறு வளர்த்தவன் நான். அதனால், வலியை அடக்கத் தண்டுவடத்துக்கு லேசான மின்சாரம் கொடுக்கும்படி முதுகுக்குள் வைத்த கருவியையும் மெக்கானிக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

இடது காலில் முழங்காலுக்குக் கீழே ரத்தக்குழாய்கள் அடைத்துவிட்டன. அடைப்பைத் திறக்கப் பலூன் போட்டுப் பார்த்தார்கள். பைபாஸ் செய்யலாம் என்றால், கொண்டுபோய் இணைக்கக் கீழே நல்ல குழாய் இல்லை. பகலை எப்படியாவது ஓட்டிவிடலாம். ராத்திரி காலை நீட்டினால் போதும், விரல்கள் எரிய ஆரம்பிக்கும். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் ரத்தம் கொஞ்சம் இறங்கி வலி அடங்கும். அப்படி உட்கார்ந்தே விடிந்த ராத்திரிகள் எத்தனையோ.

இந்தக் கருவியில் எனக்குப் பிடித்த முதல் விஷயம், சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்பது. இடுப்புப் பக்கம் ஊசி வழியாக ஒரு மெல்லிய கம்பியை நுழைத்து, தண்டுவட உறைக்கு வெளியே மேலே ஏற்றுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டாலும் நாம் விழித்துத்தான் இருக்க வேண்டும். கம்பியை இம்மி இம்மியாக நகர்த்திக்கொண்டே, "இப்ப எங்கய்யா ஊறுது?" என்று டாக்டர் கேட்டார். தொடையில் ஓடிய குறுகுறுப்பு கெண்டைக்காலுக்கு இறங்கியது. "இன்னும் கீழ சார்" என்றேன். பாதத்தில், வலி இருந்த அதே இடத்தில் வந்து நின்றபோது, "அங்கதான்!" என்று கத்தியேவிட்டேன்.

பேட்டரிப் பெட்டியை வெளியில் வைத்துச் சில நாள் ஓட்டுகிறார்கள். வலி பாதிக்குமேல் குறைகிறதா, பாதத்துத் தோலில் ஆக்சிஜன் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் தோலுக்கடியில் வைக்கிறார்கள். அந்த ஆக்சிஜன் அழுத்தம் 10 மி.மீ. பாதரச அளவுக்கும் கீழே கிடப்பவர்களுக்குப் பெரிய பலன் இருக்காது என்பார்கள்.

எனக்கு இப்போது தூக்கம் வருகிறது. காலை நீட்டிப் படுக்கிறேன். இதற்காக மட்டுமே முழு மார்க்.

ஆனால் அடைப்பு அங்கேயேதான் இருக்கிறது. வலிச் செய்தியை அமுக்குவதும், சிறு குழாய்களை விரியவிடுவதும்தான் இதன் வேலை. 1967இல் வலிக்கென்று தொடங்கி, 1976இல் கால் ரத்த ஓட்டத்துக்கும் வந்த வைத்தியம் இது. 1999இல் நெதர்லாந்தில் 120 பேரை வைத்து நடந்த ஆய்வில், காலை எடுக்க வேண்டிவந்தவர்களின் எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், சுமார் 9 பேருக்கு வைத்தால் ஒரு கால் கூடுதலாகத் தப்புகிறது என்று கணக்கிட்டார்கள். "கால் கட்டாயம் பிழைக்கும்" என்று யாராவது சொல்லி விற்றால் எழுந்து வந்துவிடுங்கள். சிகரெட்டை விடாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

இனி சார்ஜர். தோலுக்கு வெளியே ஒரு காயில், உள்ளே ஒரு காயில். இரண்டும் நேருக்கு நேர் நின்றால்தான் மின்சாரம் ஏறும். கொஞ்சம் விலகினாலும் பீப் அடிக்கிறது, பெல்ட் வழுக்குகிறது, தோலும் சூடாகிறது. வீட்டுக்காரம்மா பின்னால் நின்று சரிசெய்தால்தான் ஆகிறது. தனியாக இருப்பவர்கள் சார்ஜ் போடத் தேவையில்லாத ரகத்தைக் கேளுங்கள். என்ன, சில வருஷத்தில் பேட்டரி தீர்ந்தால் மறுபடியும் கத்தி வைப்பார்கள்.

மல்லாந்து படுத்தால் தண்டுவடம் கம்பிக்கு நெருங்கிவிடுமாம், குறுகுறுப்பு திடீரென்று தூக்கிப்போடும். ரிமோட் தலைமாட்டிலேயே இருக்கட்டும். முதல் சில வாரங்கள் குனியாதீர்கள், முறுக்காதீர்கள், கம்பி இடம் மாறிவிடும். எம்ஆர்ஐ எடுக்கும் முன் கருவியின் அடையாள அட்டையைக் காட்டுங்கள். பிசியோதெரபியில் டயாதெர்மி (மின்காந்த அலையால் உடலுக்குள் சூடேற்றும் சிகிச்சை) வைக்க வந்தால் ஒத்துக்கொள்ளவே கூடாது. கம்பியின் முனை சூடேறித் தண்டுவடத்தையே பொசுக்கிவிடும்.